சாமியார் கொடுத்த மாத்திரை

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருவானவரிடம் முதியோர் முதன்முதலில் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று குருமடத்தில் எங்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆன்மாவின் நிலைபற்றிப் பேசுவார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். குருப்பட்டம் பெற்றபின் நான் கண்டது வேறு. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பேரப்பிள்ளைகளை அழைத்து ஆசீர் பெறச் செய்தபின், வீட்டுப் பெரியவர் சற்றே குரலைத் தாழ்த்துவார். "சாமி, மூன்று நாளாய் வயிறு சரியாய்ப் போகவில்லை" என்பார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பாவத்தைச் சொல்லும்போதும் அவர் குரல் அவ்வளவு தாழ்ந்ததில்லை.

மலச்சிக்கலைப் பற்றி ஒரு குரு எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். புனித பவுல் தம் அன்புக்குரிய திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் சீடனின் வயிற்றுக் கோளாற்றை மறக்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிராமல் திராட்சை மதுவும் சிறிது சேர்த்துக்கொள்ளுமாறு ஆலோசனை கூறுகிறார். அந்த ஆலோசனையில் "சிறிது" என்ற சொல் இருப்பதை நான் பன்முறை வாசித்தும் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தவர் எங்கள் பங்கின் உபதேசியார். அந்த நிகழ்ச்சியைத்தான் இங்கு எழுத முற்படுகிறேன்.

என் இளமையில் வயிற்றுக்கு மருந்து என்றால் விளக்கெண்ணெய்தான். சனிக்கிழமை காலையில் பாட்டி கிண்ணத்துடன் வருவதைக் கண்டதும் நாங்கள் நால்வரும் நான்கு திசையில் ஓடுவோம். சிறு குருமடத்தில் சேர்ந்தபோது விளக்கெண்ணெயிலிருந்து விடுதலை கிடைத்தது என்று மகிழ்ந்தேன். அங்கே நோயாளர் அறையைக் கவனித்துவந்த சகோதரர், அலமாரியிலிருந்து பால்போல் வெளுத்த ஒரு மருந்தைக் குலுக்கி எடுத்து இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுப்பார். சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்தாற்போல் நாக்கு வரளும். அதுவே 'மில்க் ஆஃப் மக்னீசியா' என்பது. பெயரில் பால் இருந்தாலும் அதில் ஒரு துளிப் பாலும் கிடையாது. தண்ணீரில் கலங்கி நிற்கும் மக்னீசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் பொருளே அது. பேதி உப்பு என்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் எப்சம் உப்பும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அது மக்னீசியம் சல்பேட்டு.

எப்சம் என்பது இங்கிலாந்தில் இலண்டனுக்குத் தெற்கே உள்ள ஓர் ஊர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோடையில் தாகத்தால் தவித்த மாடுகள்கூட அவ்வூரின் ஒரு குட்டை நீரைக் குடிக்க மறுத்ததைக் கண்டே அதன் கசப்பை மக்கள் அறிந்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. மாட்டுக்கு ஆகாதது மனிதனுக்கு மருந்தாயிற்று! பிற்காலத்தில் நெகேமியா குரூ என்ற மருத்துவர் 1695இல் அந்த உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதனுள் அடங்கியிருக்கும் உலோகத்தைத் தனியே பிரித்துக் காட்டியவர் ஹம்ஃப்ரி டேவி, ஆண்டு 1808.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பளம் அறியாதவர் எவர்? கடல்நீர் பாத்திகளில் வற்றி உப்பு விளைந்தபின், எஞ்சி நிற்கும் கசப்பு நீரை உப்போடு சேரவிடாமல் வெளியேற்றிவிடுவார்கள். அந்தக் கசப்பு மக்னீசியத்தின் கசப்பு. அது உப்பில் தங்கிவிட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிந்து ஒழுகும். யோர்தான் ஆறு சென்று சேரும் சாக்கடலின் நீர் சாதாரணக் கடல்நீரைப்போல் கரிக்காமல் கடுங்கசப்பாய் இருப்பதற்கும் இதுவே காரணம். இலைக்குப் பசுமையைத் தரும் பச்சையத்தின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு அமர்ந்திருக்கிறது. கசப்பு நீரிலும் கீரையிலும் சேலத்து வெள்ளைக்கல்லிலும் ஒரே உலோகத்தை வைத்த படைப்பை எண்ணி நான் வியந்ததுண்டு. வியப்பு நல்லதுதான். ஆனால் அந்த வியப்பு என்னை ஒரு மருத்துவன் என்று எண்ணச் செய்துவிட்டது. துன்பம் அங்கேதான் தொடங்கிற்று.

ஐம்பது வயதைத் தாண்டியபோது எனக்கும் குலத்தொழிலாகிய வயிற்றுக் கோளாறு வந்து சேர்ந்தது. மாலைத் திருப்பலி, அதன்பின் அன்பியக் கூட்டம், அதன்பின் பத்து மணிக்குக் கடையில் வாங்கிவந்த புரோட்டா. கீரை என்பதைக் கண்ணால் காண்பது அரிது. நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் கேட்க அமரவேண்டும் என்பதால் தண்ணீரையும் குறைத்துக்கொள்வேன். வேறென்ன ஆகும்? 2021ஆம் ஆண்டின் இறுதியில் விடுமுறைக்கு வந்த என் அக்காள் மகன், அமெரிக்காவிலிருந்து மூன்று பாட்டில் மக்னீசியம் மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். பாட்டில் ஒன்றுக்கு 100 மாத்திரை, ஒவ்வொன்றிலும் மக்னீசியம் 250 மில்லிகிராம், ஆக்ஸைடு வடிவில். "மாமா, அங்கே எல்லாரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள். வயிறு சரியாகும், தூக்கம் வரும், கால் குரக்குவலி போகும், இரத்த அழுத்தம் இறங்கும்" என்று சந்தைக்கடை வைத்தியரைப்போல் அடுக்கினான்.

நான் நாளுக்கு ஒன்று, இரவு உணவுக்குப்பின், ஒரு செம்பு நீருடன் சாப்பிட்டேன். மூன்றாம் நாளே பலன் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு செம்பு தண்ணீருக்கே பாதிப் பலன் சேரவேண்டும்; புகழ் முழுவதும் மாத்திரைக்குப் போயிற்று.

2022ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு. திருப்பலி முடிந்து சக்கிரீஸ்தில் உடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது எங்கள் உபதேசியார் வந்து நின்றார். எழுபத்து நான்கு வயது. நாற்பது ஆண்டுகளாக இந்தப் பங்கில் ஞானோபதேசம் கற்பித்தவர். இன்று கோயிலுக்கு வரும் தாய் தந்தையரில் பாதிப்பேர் அவரிடம் காதைத் திருகு வாங்கியவர்கள். வயிறு நான்கு நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறது என்றார். அவருக்கு நெடுநாளாய்ச் சர்க்கரை நோய் உண்டு என்பது எனக்குத் தெரியும். இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் தெரியும். அவருடைய கால்கள் வீங்கிச் செருப்பு சேராமல் இருந்ததைக்கூட அன்று நான் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் பார்த்ததை ஒன்றோடொன்று சேர்த்து எண்ணவில்லை. பங்கு இல்லத்துக்கு அழைத்துச் சென்று, பிரிக்காத ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இரவில் ஒன்று சாப்பிடுங்கள் உபதேசியார், எல்லாம் சரியாகும்" என்றேன். அவர் அதை இரு கையாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அப்போதாவது எனக்கு அச்சம் தோன்றியிருக்கவேண்டும்.

மூன்று வாரம் சென்றது. நான்காம் ஞாயிறு அன்று அவர் கோயிலுக்கு வரவில்லை. பகல் பதினோரு மணிக்கு அவருடைய மூத்த மகள் தொலைபேசியில் அழுதார். அப்பா மூன்று நாளாய்த் தூங்கித் தூங்கி விழுந்தாராம். வாந்தி உணர்வு இருந்ததாம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எண்ணிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்களாம். அன்று காலையில் கட்டிலைவிட்டு எழ முடியாமல் போகவே, வாதம் அடித்துவிட்டது என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "சாமி, எண்ணெய் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்று நாம் அழைத்த திருவருட்சாதனம் இன்று நோயில்பூசுதல் என்று பெயர் பெற்றிருக்கிறது; ஆயினும் நம் மக்கள் "எண்ணெய் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லும்போது அதன் பொருள் பழைய பொருள்தான்.

கன்னியர் நடத்தும் அந்த மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. சர்க்கரை அளவோ இயல்பாய் இருந்தது. சிறிய சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. மறுகாலிலும் தட்டினார். அதுவும் அசையவில்லை. ஒரு பக்கத்து வாதமாக இருந்தால் இரு கால்களும் இப்படியிருக்குமா என்று அவர் தமக்குள்ளே பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று மகளிடம் கேட்டார். மகள் சர்க்கரை மாத்திரை, அழுத்த மாத்திரை, இரும்பு மாத்திரை என்று வரிசையாகச் சொன்னார். "வேறு ஒன்றும் இல்லையா?" "இல்லை, டாக்டர்."

நான் எண்ணெய் பூசி, செபித்து முடித்தேன். வெளியே வந்தபோது மகள் என் கைகளைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "சாமி கொடுத்த மாத்திரையை அப்பா ஒரு நாள்கூட விடவில்லை. முதல் வாரம் ஒன்று சாப்பிட்டார். அவ்வளவாய்ச் சரியாகவில்லை என்று, அப்புறம் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு சாப்பிட்டார். படுக்கும்போது கடையில் வாங்கின வெள்ளை மருந்தும் இரண்டு மூடி குடிப்பார்."

என் உள்ளங்கால் சில்லிட்டது. "இதை டாக்டரிடம் சொன்னீர்களா?" என்றேன். அவர் என்னை வியப்புடன் பார்த்தார். "அது மருந்து இல்லையே சாமி, நீங்கள் கொடுத்ததல்லவா?" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்க இயலவில்லை. மருத்துவர் எழுதியது மருந்து. கடைக்காரர் விற்றது மருந்து. சாமியார் கொடுத்தது மந்திரித்த தண்ணீரைப்போல் ஒன்று. ஆகவே அதை அவர்கள் மறைக்கவில்லை. மருந்துக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நான் திரும்ப உள்ளே ஓடினேன். அங்கியுடன் நான் ஓடியதைக் கண்டு வராந்தாவில் இருந்தவர்கள் உயிர் போய்விட்டது என்றே எண்ணிச் சிலுவை வரைந்துகொண்டார்களாம். மருத்துவரிடம் நான் செய்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னை உற்று நோக்கினார். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். "நல்லவேளை ஃபாதர், இப்போதாவது சொன்னீர்கள்" என்று மட்டும் கூறி, இரத்தத்தில் மக்னீசியத்தின் அளவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். வழக்கமாகச் செய்யும் உப்புச் சத்துச் சோதனையில் சோடியமும் பொட்டாசியமும் பார்ப்பார்கள். மக்னீசியம் அதில் பெரும்பாலும் சேராது, தனியே கேட்கவேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்கவேண்டிய இடத்தில் 9ஐத் தாண்டி இருந்தது. சிறுநீரகங்களோ பாதிக்கு மேல் பழுதுற்றிருந்தன. அந்தக் கால் வீக்கமும் இரத்தக் குறைவும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அன்று இரவு விழித்திருந்தபோது, பேறுகாலப் பகுதியில் பல ஆண்டு பணிசெய்த மூத்த சகோதரி ஒருவர் எனக்கு விளக்கினார். வயிற்றுக்குள் போகும் மக்னீசியத்தில் ஒரு பகுதி இரத்தத்தில் சேரும். எஞ்சியது குடலிலேயே தங்கி, சுற்றிலுமிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் மலம் இளகுகிறது. பேதிக்குக் கொடுக்கும் உப்புகளின் வேலை இவ்வளவே. இரத்தத்தில் சேர்ந்ததில் உடலுக்கு வேண்டியது போக மிஞ்சியதைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும். நல்ல சிறுநீரகம் உடையவர் சற்று அதிகமாய்ச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு உண்டாகும், அதோடு முடிந்தது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது வெளியேற வழியில்லை. நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். அதிலும் மருந்து சாப்பிட்டும் வயிறு போகாவிட்டால், குடலிலேயே தங்கித் தங்கி இன்னும் அதிகமாய் இரத்தத்தில் சேரும். "பலன் இல்லை என்று அவர் நான்காக்கினாரே, ஃபாதர், அதுதான் அபாயம்" என்றார் சகோதரி.

மக்னீசியம் நரம்பையும் தசையையும் அமைதிப்படுத்தும் இயல்புடையது. பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரும் தாய்மாருக்கு இந்தப் பேதி உப்பையே தூய்மைப்படுத்தி ஊசியாகச் செலுத்துகிறார்கள். 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் செய்யப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் அபாயத்தை அது பாதிக்கும் கீழே குறைத்தது என்று கண்டார்கள். எத்தனை தாய்களையும் சேய்களையும் காத்த மருந்து! ஆனால் ஒவ்வொரு முறை செலுத்துமுன்னும் அந்தச் சகோதரி தாயின் முழங்காலைத் தட்டிப் பார்ப்பாராம், மூச்சை எண்ணுவாராம், சிறுநீர் போதிய அளவு பிரிகிறதா என்று அளப்பாராம். முழங்கால் உதைத்தால் கொடுக்கலாம், உதைக்காவிட்டால் நிறுத்தவேண்டும். அதையும் கடந்தால் மூச்சுத் தளரும். அதற்கு மேலும் போனால் இதயம் நின்றுவிடும். "நாங்கள் இவ்வளவு பார்த்துக் கொடுப்பதை நீங்கள் பாட்டிலோடு கொடுத்துவிட்டீர்கள்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில்லாமல் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

சுண்ணாம்புச் சத்து மக்னீசியத்துக்கு எதிர்நின்று இதயத்தைக் காக்கும் என்பதால் கால்சியம் ஊசியை நரம்பு வழியாக மெல்ல ஏற்றினார்கள். பிறகு இயந்திரத்தின் மூலம் இருமுறை இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். செவ்வாய் காலையில் உபதேசியார் கண்விழித்து, கட்டிலருகே என்னைக் கண்டு, "சாமி, இன்றைக்குப் பூசை வைக்கவில்லையா?" என்று கேட்டார்.

அன்று மாலையே நான் பக்கத்துப் பங்குக் குருவிடம் சென்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கே பேசியதை எழுத இயலாது. ஆனால் வெளியே வந்து தேநீர் அருந்தும்போது அவர் சொன்னதை எழுதலாம்: "நீர் கொடுக்காமல் வேறொருவர் கொடுத்திருந்தால் கிழவர் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்."

இதன்பின் நான் மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்டறிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இவ்விதழை வாசிக்கும் பல இல்லங்களில் இதே பாட்டில் இன்று இருக்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடானால் நிச்சயம் இருக்கும்.

நம் உடலில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நாள்தோறும் வளர்ந்த ஆணுக்கு 400 மில்லிகிராமை ஒட்டியும் பெண்ணுக்கு 300ஐச் சற்றுத் தாண்டியும் வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் வரையறுத்திருக்கிறார்கள். இதைப் பெறுவதற்குக் கப்பலேறி வந்த பாட்டில் தேவையில்லை. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, உளுந்து, நிலக்கடலை, எள், முருங்கைக்கீரை ஆகியவற்றில் அது நிறைய இருக்கிறது. தவிட்டோடு கூடிய அரிசியில் உள்ளதில் பெரும்பகுதியை நாம் ஆலையில் தீட்டித் தவிடாக்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு, வெள்ளைச் சோற்றை உண்டு, பிறகு மாத்திரை தேடுகிறோம். சிறுநீரகம் நலமாய் உள்ளவருக்கு உணவில் வரும் மக்னீசியத்தால் தீங்கு இல்லை. மாத்திரையாகவும் மருந்தாகவும் உட்கொள்வதற்கே உச்ச வரம்பு உண்டு: அமெரிக்காவில் நாளுக்கு 350 மில்லிகிராம், ஐரோப்பாவில் 250. உபதேசியார் மாத்திரையில் மட்டும் 1000 மில்லிகிராம் உட்கொண்டிருந்தார். வெள்ளை மருந்தில் ஏறத்தாழ இன்னொரு 1000. பேதி உப்பை ஒரு தேக்கரண்டி கரைத்துக் குடிப்போர் கவனிக்கட்டும்: அதில் மட்டும் சுமார் 500 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது.

பாட்டிலின்மேல் எழுதியிருப்பதை வாசிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மக்னீசியம் ஆக்ஸைடு 400 மில்லிகிராம் என்றிருந்தால் அது முழுச் சேர்மத்தின் எடை. அதனுள் மக்னீசியம் ஏறத்தாழ 240 மில்லிகிராமே. சில பாட்டில்களில் மக்னீசியத்தின் எடையையே தருவார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்குத் தவறும். ஆக்ஸைடு குடலில் குறைவாகவே உறிஞ்சப்படும்; ஆகவே பேதியாக்கும் வேலையே அதற்கு மிகுதி. சிட்ரேட்டு நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றையும் இளக்கும். கிளைசினேட்டு என்ற வகை வயிற்றுக்கு மென்மையானது என்பர். இவற்றில் எதுவும் சிறுநீரகம் கெட்டவருக்குத் தகாது. எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே. ஜப்பானில் முதியோர் மலச்சிக்கலுக்கு மக்னீசியம் ஆக்ஸைடை நெடுங்காலமாய் உட்கொள்வது வழக்கம். 2015ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, நீண்டநாள் உட்கொள்ளும் முதியோரின் இரத்தத்தில் மக்னீசியத்தைச் சோதிக்கவேண்டும் என்று எச்சரிக்கை செய்தது. எங்கள் உபதேசியாருக்கு நேர்ந்தது அங்கே பலருக்கு நேர்ந்திருந்தது.

மற்ற மருந்துகளோடு அது மோதுவதும் உண்டு. சிப்ரோஃப்ளாக்ஸாசின், டெட்ராசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளைக் குடலில் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. ஆதலால் அவற்றை இரண்டு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ சாப்பிடவேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் மாத்திரைக்கும் இடைவெளி உண்டு. வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் பெரும்பாலான மருந்துகளில் மக்னீசியம் ஏற்கெனவே இருக்கிறது. அலுமினியம் வயிற்றைக் கட்டும், மக்னீசியம் இளக்கும் என்பதால் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். ஆகவே மாத்திரையும் அதுவும் சேர்ந்தால் இருமடங்கு.

இதற்கு நேர்மாறாக, மக்னீசியம் உண்மையாகவே குறைந்துபோகிறவர்களும் உண்டு: மதுவுக்கு அடிமையானோர், நெடுநாள் வயிற்றுப்போக்கு உடையோர், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாளர், நீர் பிரிய மாத்திரை உட்கொள்வோரில் சிலர், அமிலத்தை அடக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர். இவர்களுக்கு மருத்துவர் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது மெய்யான மருந்து. மற்றபடி தூக்கத்துக்கும் எல்லா நோய்க்கும் அது கண்கண்ட மருந்து என்று என் அக்காள் மகன் அடுக்கியதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. முதியோரின் கால் குரக்குவலியை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே 2020இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. இரத்த அழுத்தத்தைக் குறைப்பதும் சிறிதளவே. அவனிடம் இதைச் சொன்னேன். "அப்படியா மாமா?" என்றான். இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவனுடைய சிறுநீரகம் நன்றாயிருக்கிறது, நாளுக்கு ஒன்றுக்கு மேல் போவதில்லை, ஆகவே நானும் விட்டுவிட்டேன்.

மலச்சிக்கல் எல்லாமே மாத்திரைக்குரியது அன்று என்பதையும் மருத்துவர் வலியுறுத்திச் சொன்னார். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் இளைப்பு, வாந்தியோடு கூடிய வயிற்றுவலி, ஐம்பது வயதுக்குமேல் திடீரென்று மாறிய வழக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வெள்ளை மருந்தைத் தேடாமல் மருத்துவரைத் தேடவேண்டும். மருத்துவரைக் கேளாமல் எந்தப் பேதி மருந்தையும் ஒரு வாரத்துக்குமேல் தொடரலாகாது. உபதேசியாருக்கு மலத்தை இறுகச் செய்ததே அந்த இரும்பு மாத்திரையாய் இருக்கலாம் என்று கண்டு, அதை மாற்றிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்ட அன்றே நான் அவரை அங்கே அனுப்பியிருந்தால் இந்த ஒரு மாற்றத்தோடு முடிந்திருக்கும்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய வாரத் திருப்பலியில், அறிவிப்புகளின் முடிவில், நடந்ததை மக்களிடம் சொன்னேன். உபதேசியாரின் நோய்க்குக் காரணம் நான் கொடுத்த மாத்திரை என்றும், இனி எவருக்கும் நான் மருந்து கொடுப்பதில்லை என்றும், நான் கொடுத்தது வேறு எவரிடமேனும் இருந்தால் திருப்பித் தந்துவிடவேண்டும் என்றும் கூறினேன். கோயிலில் சிறு சலசலப்பும் இல்லை. திருப்பலி முடிந்ததும் மூன்று பேர் வந்தார்கள். மன்னிப்போ ஆறுதலோ சொல்ல வந்தார்கள் என்று எண்ணினேன். அந்த மாத்திரையின் பெயர் என்ன சாமி என்று கேட்டார்கள்.

அதுமுதல் வீடு சந்திக்கும்போது ஒரு புதிய வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறேன். வயிறு சரியில்லை என்று பெரியவர் குரலைத் தாழ்த்தினால், வீட்டிலுள்ள மருந்து டப்பாவைக் கொண்டுவரச் சொல்கிறேன். பிஸ்கட்டு டப்பாவாகவோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலாகவோ அது இருக்கும். அதனுள் மருத்துவர் எழுதியது, மருமகன் அனுப்பியது, பக்கத்து வீட்டம்மா கொடுத்தது, கெடுநாள் தாண்டியது எல்லாம் கலந்து கிடக்கும். நான் எதையும் எடு என்றோ விடு என்றோ சொல்வதில்லை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது அவர் மேசையில் கொட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். சாமியார் கொடுத்ததையும் சேர்த்துக் கொட்டுங்கள் என்பேன்.

மே மாதத்தில், மாதாவின் வணக்கமாதம் நடந்துகொண்டிருந்தபோது, உபதேசியார் கோலூன்றி மீண்டும் சக்கிரீஸ்துக்கு வந்தார். ஒரு துணிப்பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணிப் பார்த்தேன், 37 மாத்திரைகள் எஞ்சியிருந்தன. நான் சொல்லவேண்டிய சொல்லைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. பெஞ்சியில் ஏறி உட்கார்ந்து, வேட்டியைச் சற்று உயர்த்தி, காலைத் தொங்கவிட்டார். "தட்டிப் பாருங்கள் சாமி" என்றார். கையில் வேறொன்றும் இல்லாததால் கோயில் சாவிக்கொத்தாலேயே தட்டினேன். கால் எழும்பி, எதிரே நின்ற கோயில்பிள்ளையின் கையிலிருந்த பூக்கூடையை உதைத்தது.